விளையாட்டுச் சட்ட ஆய்வு: லோசான் தீர்ப்புகளைக் கையாளும் முறை

விளையாட்டுச் சட்டத்தில் ஆய்வேடு எழுதுபவர்கள் பலர் செய்தித்தாளில் தொடங்கி அதிலேயே நின்றுவிடுகிறார்கள். மூலம் இருப்பது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில். 1984 முதல் அங்கே இயங்கும் விளையாட்டு நடுவர் நீதிமன்றம், வெளியிடும் தீர்ப்புகளைத் தன் இணையதளத்தில் இலவசமாகவே தருகிறது.

முதலில் வழக்கு எண்ணைப் படிக்கப் பழகுங்கள். இந்திய ஓட்ட வீராங்கனை தூத்தி சந்த் வழக்கின் எண் 2014/ஏ/3759, தென்னாப்பிரிக்க ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமன்யா வழக்கின் எண் 2018/ஓ/5794. 'ஏ' மேல்முறையீடு, 'ஓ' அங்கேயே நேரடியாகத் தொடங்கிய வழக்கு. மேல்முறையீட்டுத் தீர்ப்பை, இரு தரப்பும் ரகசியம் வேண்டும் என்று ஒத்துக்கொண்டால் ஒழிய, வெளியிடலாம். 'ஓ' வகை அடிப்படையில் ரகசியம். செமன்யா தீர்ப்பு வெளியானது விதிவிலக்கு. ஆகவே எத்தனை சதவீதம் வீரர்கள் ஜெயித்தார்கள் என்று கணக்குப் போட்டால், அது வெளியான தீர்ப்புகளின் கணக்கு மட்டுமே. இதை முறையியல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள்.

தீர்ப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். உத்தரவு அங்கேதான் இருக்கும். பிறகு நடுவர்களின் ஆராய்ச்சிப் பகுதிக்கு வாருங்கள். நடுவில் பல பக்கங்களுக்கு இரு தரப்பு வாதங்கள் வரும். விளையாட்டுச் சம்மேளனத்தின் வக்கீல் சொன்னதை நடுவர் குழு சொன்னதாக மேற்கோள் காட்டுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. பக்க எண்ணை விட்டுவிட்டுப் பத்தி எண்ணைக் குறித்தால் இது பெரும்பாலும் தப்பும்.

தூத்தி வழக்கையே பாருங்கள். உடலில் இயற்கையாகவே டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் அதிகமுள்ள பெண்கள் பெண்கள் பிரிவில் ஓடுவதைக் கட்டுப்படுத்திய விதியை எதிர்த்த வழக்கு அது. 2015 ஜூலையில் வந்தது இடைக்காலத் தீர்ப்பு. டெஸ்டோஸ்டிரோன் தரும் சாதகம் எவ்வளவு என்பதற்குச் சர்வதேசத் தடகளச் சம்மேளனம் போதிய சான்று தரவில்லை என்று சொல்லி, விதியை 2 ஆண்டு நிறுத்தி வைத்தார்கள். விதி செல்லாது என்று இறுதியாகத் தீர்ப்பு வந்ததாக எழுதினால் பிழை. 2018-இல் வந்த புதிய விதி 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கானது. தூத்தி ஓடிய 100, 200 மீட்டருக்கு அது பொருந்தவில்லை. செமன்யா எதிர்த்தது இந்தப் புதிய விதியைத்தான்.

எக்செலில் ஒரு தீர்ப்புக்கு ஒரு வரி போதும்: எண், நாள், பொருந்திய விதியின் பதிப்பு, நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது, எந்த அளவுக்கு நிரூபிக்க வேண்டும், முடிவு, பத்தி எண். முதல் 20 தீர்ப்புகளை இருவர் தனித்தனியாக நிரப்புங்கள். எங்கே முரண்படுகிறதோ அங்கே உங்கள் வரையறை தெளிவாக இல்லை. அதைத் திருத்திவிட்டு மேலே போங்கள்.

லோசானோடு வழக்கு முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். இன்றைய ஆய்வுகளின் கவனமே அதற்கு அப்பால்தான் இருக்கிறது. லோசான் தீர்ப்பை எதிர்த்துச் செமன்யா போட்ட மனுவைச் சுவிஸ் கூட்டாட்சி நீதிமன்றம் 2020-இல் தள்ளியது. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவருக்கு அந்தச் சுவிஸ் நீதிமன்றத்தில் நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்றது. அடுத்த மாதமே ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், பெல்ஜியத்தின் செராங் கால்பந்துக் கழக வழக்கில், இத்தகைய தீர்ப்புகளை உறுப்பு நாட்டு நீதிமன்றங்கள் ஆழமாகப் பரிசீலிக்க வழி இருக்க வேண்டும் என்றது.

லோசான் வாசலையே மிதிக்காதவர்கள் இந்தத் தரவில் இல்லை. புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வென்ற வெள்ளி, பாலினப் பரிசோதனைக்குப் பின் பறிக்கப்பட்டதற்கு, பத்தி எண் குறிக்க ஒரு தீர்ப்புகூடக் கிடையாது. அப்படிப்பட்டவற்றுக்கு, தகவல் உரிமைச் சட்டத்தில் அரசு அலுவலகங்களின் கடிதப் போக்குவரத்தைக் கேளுங்கள். நேர்காணல் எடுப்பதானால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியை முன்பே வாங்குங்கள்.