வாசல் குழாய்க்கு எந்த வால்வு? தேடும்போது நேரும் தவறுகள்

வாசல் தெளிக்க, செடிக்கு விட, வண்டி கழுவ என்று வீட்டுக்கு வெளியே வைத்த குழாய் ஒருநாள் கழுத்தோடு உடைந்து தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும். அதை அடைக்கும் வால்வு எங்கே என்ற கேள்வியே அப்போதுதான் வரும். பதற்றத்தில் கைக்கு எட்டிய வால்வையெல்லாம் திருகி, நூறு ரூபாய் வேலையை ஆயிரங்களுக்கு இழுத்துவிடுவோம். குழாய் நல்லபடி இருக்கும்போதே ஒரு காலை நேரத்தை ஒதுக்கித் தேடி வைத்துவிடுங்கள்.

குழாயைச் சுற்றியே தேடுவதுதான் எல்லாரும் முதலில் செய்யும் தவறு. தமிழ்நாட்டுத் தனி வீடுகளில் வெளிக்குழாய்க்கென்று தனி வால்வு பெரும்பாலும் வைப்பதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் போகும் குளியலறை லைனிலோ சமையலறை லைனிலோ ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, சுவரைத் துளைத்து வெளியே எடுத்திருப்பார்கள். குளியலறைச் சுவரில் ஸ்டாப் காக் (அந்த லைனை அடைக்கும் வால்வு) பதித்திருந்தால் அதை முதலில் மூடிப் பாருங்கள். இல்லையென்றால் மொட்டை மாடிதான்.

அதற்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தக் குழாயில் வருவது எந்தத் தண்ணீர் என்பது. மேல்தொட்டியிலிருந்து வரலாம், தொட்டிக்கே போகாமல் கார்ப்பரேஷன் லைனிலிருந்து நேரே வரலாம், மோட்டாரிலிருந்து தொட்டிக்கு ஏறும் லைனில் இடையில் எடுத்ததாகவும் இருக்கலாம். மோட்டாரை நிறுத்திவிட்டு, கார்ப்பரேஷன் தண்ணீர் விடாத நேரத்தில் குழாயைத் திறங்கள். சீராகக் கொட்டினால் தொட்டித் தண்ணீர். தண்ணீர் விடும் நேரத்தில் மட்டும் வந்தால் நேர் லைன். அப்படியானால் தண்ணீர் மீட்டரை ஒட்டி, காம்பவுண்டுக்குள் வால்வைத் தேடுங்கள். சாலைப் பக்கத்து இணைப்பில் கை வைக்கக் கூடாது.

மோட்டார் ஓடும்போது மட்டும் வந்தால் அது ஏற்று லைன். இந்த லைன் தொட்டியின் அடிவழியாக நுழைந்திருந்தால், மோட்டார் நின்ற பிறகும் தொட்டித் தண்ணீர் அதன் வழியே இறங்கி வரும்; அது பலரையும் குழப்பும். ஏற்று லைனில் உள்ள வால்வை அடைத்த நிலையில் மோட்டார் ஓடவே கூடாது. தண்ணீர் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி ஜாயிண்ட் பிய்த்துக்கொள்ளும், மோட்டாரும் சூடேறும். தொட்டி மட்டம் பார்த்துத் தானாக மோட்டாரைப் போடும் கருவி இருந்தால், மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மாடியில் தொட்டியைச் சுற்றி நாலைந்து பைப்புகள் நிற்கும். பெரும்பாலும் மேலே நுழைவது தண்ணீர் ஏறும் பைப். அதன் மட்டத்திலேயே வால்வு இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது வழிந்தோடும் பைப். அடியிலிருந்து சில அங்குலம் மேலே புறப்படுபவை வீட்டுக்குள் இறங்கும் லைன்கள். எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது தொட்டி கழுவும்போது திறக்கும் வால்வு. அதைத் தவறித் திறந்தால் தொட்டித் தண்ணீர் முழுக்க மாடியில் ஓடும். இறங்கும் லைன் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி, கீழே ஒருவரை நிறுத்திக் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கேதான் அவசரம் ஆளை ஏமாற்றும். சரியான வால்வை மூடிய பிறகும் கீழே தண்ணீர் வந்துகொண்டிருக்கும். ஒரு இஞ்ச் பைப்பில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் அரை லிட்டர் தண்ணீர் நிற்கிறது. 12 மீட்டர் லைன் என்றால் 6 லிட்டர். அதிலிருந்து பிரியும் கிளைகளில் நிற்பது தனி. "இந்த வால்வு இல்லை" என்று அடுத்ததற்குப் போய்விடாதீர்கள். அதே லைனில் மாடியிலுள்ள ஒரு குழாயைத் திறந்து வையுங்கள். காற்று உள்ளே போய், நிற்கும் தண்ணீர் சீக்கிரம் வடியும். ஆனால் மாடித்தோட்டத்து ஹோஸின் முனை உர வாளிக்குள் மூழ்கியிருந்தால், திறந்த அந்தக் குழாய் வழியாக வாளித் தண்ணீரையும் லைன் உறிஞ்சிவிடும். ஹோஸை முதலில் கழற்றுங்கள்.

இறுகிப்போன கேட் வால்வை (பல சுற்று திருகி உள்தகட்டை இறக்கி மூடும் வகை) பைப் ரெஞ்ச் போட்டுத் திருகுவது கொஞ்சமும் வேண்டாத வேலை. ஆண்டுக்கணக்கில் தொடாத வால்வில் உப்புப் படிந்து உள்தகடு ஒட்டியிருக்கும். பலமாக முறுக்கினால் தண்டு உள்ளேயே முறியும். கைப்பிடி சுற்றும், தகடு அசையாது. தண்டில் துருநீக்கி எண்ணெய் விட்டு, சிறிது நேரம் ஊறவிட்டு, கால் சுற்று அந்தப்பக்கம், கால் சுற்று இந்தப்பக்கம் என்று அசைத்து இளக்குங்கள். வலஞ்சுழியாகத் திருப்பினால் மூடும். உள்ளே துளையிட்ட உருண்டை (ball) சுழன்று மூடும் பால் வால்வுக்குக் கால் சுற்றே போதும்: கைப்பிடி பைப்போடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக் வால்வின் கைப்பிடி பிஸ்கட் போல ஒடியும். அதைத் தேடும் நாளிலேயே மாற்றிவிடலாம்.

வெளிக்குழாய்க்கு மட்டும் ஒரு அரை இஞ்ச் பால் வால்வு போட்டுவிட்டால் இனி வீடு முழுக்க அடைக்க வேண்டியதில்லை. டீக்கும் வெளிக்குழாய்க்கும் நடுவில் போடுங்கள். பிளாஸ்டிக் பைப்பில் இரண்டு வகை உண்டு: சந்தன நிறப் பைப் பெரும்பாலும் சிபிவிசி (CPVC), வெள்ளை யூபிவிசி (UPVC). ஆனாலும் பைப்பின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து உறுதிசெய்யுங்கள். அரை இஞ்ச் சிபிவிசியின் வெளிவிட்டம் 15.9 மில்லிமீட்டர், அரை இஞ்ச் யூபிவிசிக்கு 21.3. ஒன்றின் வால்வு மற்றதில் பொருந்தாது, பசையும் வேறு. பைப் துண்டு ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோவது நல்லது. பசை டப்பாவில் போட்டிருக்கும் காயும் நேரம் முடியாமல் தண்ணீர் திறக்காதீர்கள்.

கண்டுபிடித்த வால்வில் "வாசல் குழாய்" என்று பெயின்டில் எழுதுங்கள். மார்க்கர் எழுத்து ஒரு கோடை தாங்காது. கூடவே பைப் முனையை அடைக்கும் அரை இஞ்ச் எண்ட் பிளக் ஒன்றும், கசியாமலிருக்க மரையில் சுற்றும் டெஃப்லான் டேப் ஒரு சுருளும் தண்ணீர் மீட்டர் பெட்டிக்குள் கிடக்கட்டும். குழாய் உடைந்தால் வால்வை மூடி, உடைந்த குழாயைக் கழற்றி, பிளக்கில் டேப்பை மரை ஏறும் திசையிலேயே பத்துச் சுற்று சுற்றி முடுக்குங்கள். வால்வைத் திரும்பத் திறந்து வீட்டுக்குத் தண்ணீர் விடலாம். பிளம்பர் மறுநாள் வந்தால் போதும்.