மடிக்கணினிக் காப்புப்பிரதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மடிக்கணினி திறக்க மறுக்கும் நாளில் பலரும் சொல்வது, "பேக்கப் எடுத்திருந்தேனே" என்பதுதான். எடுத்திருப்பார்கள், ஆனால் அதில் என்ன இருக்கிறது, எந்த வட்டில் இருக்கிறது என்று ஒருமுறைகூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

விண்டோஸில் உள்ள 'சிஸ்டம் ரீஸ்டோர்' வசதியைக் காப்புப்பிரதி என்று நம்புவது மிகப் பரவலான தவறு. அது இயங்குதளக் கோப்புகள், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் தரவுத்தளம்), வன்பொருளை இயக்க உதவும் டிரைவர் நிரல்கள், நிறுவிய மென்பொருள்கள் ஆகியவற்றை முந்தைய நிலைக்குத் திருப்புமே தவிர, அழிந்துபோன ஆவணங்களையோ படங்களையோ மீட்டுத் தராது. மீட்புப் புள்ளிகளும் அதே வட்டில்தான் இருக்கின்றன என்பதால், வட்டு பழுதானால் அவையும் உடன் போய்விடும். 'டி' டிரைவில் நகல் வைப்பதும் இத்தகையதே; பெரும்பாலான மடிக்கணினிகளில் அது அதே வட்டின் இன்னொரு பகுதிதான்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவை ஒத்திசைவுக்கானவை. இங்கே அழித்த கோப்பு அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருந்துவிட்டு நிரந்தரமாக மறையும். வெளி வன்தட்டை எப்போதும் செருகியே வைத்திருப்பவர்கள், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) தாக்கினால் அந்த நகலும் பூட்டப்படும் என்பதை உணர வேண்டும். நகல் எடுத்து முடித்ததும் அதைக் கழற்றிவிடுங்கள்.

மென்பொருள்களைப் பொறுத்தவரை, 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையை நகலெடுத்து வைப்பதால் பெரும்பாலும் பயனில்லை. ஒரு நிரல் ரெஜிஸ்ட்ரியிலும், கண்ணுக்குத் தெரியாத 'ஆப்டேட்டா' கோப்புறையிலும் பதிவுகளை வைத்திருப்பதால், ஒன்று முழு வட்டையும் இயங்குதளத்தோடு அப்படியே படியெடுக்கும் பிம்பநகலை (டிஸ்க் இமேஜ்) எடுக்க வேண்டும், அல்லது நிறுவல் கோப்புகளையும் உரிமக் குறியீடுகளையும் தனியே சேமிக்க வேண்டும். 'ரீசெட் திஸ் பிசி' வசதியில் 'கோப்புகளை வைத்துக்கொள்' என்று தேர்ந்தெடுத்தாலும், நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் நீக்கப்படும். இதை அறியாமல் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டுத் தவிப்பவர்கள் பலர்.

எனக்கு மிகுந்த கவலை தருவது, வட்டில் உள்ளவற்றைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் விஷயம். மைக்ரோசாஃப்ட் கணக்குடன் தொடங்கும் பல புதிய மடிக்கணினிகளில் வட்டுக் குறியாக்கம் தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. தாய்ப்பலகையை மாற்றும்போதும், சில வேளைகளில் கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்கும்போதும், 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கணினி கேட்கும். அது இல்லையென்றால், வட்டு நல்ல நிலையில் இருந்தாலும் உள்ளிருக்கும் எதையும் எவராலும் திறக்க இயலாது. அக்குறியீடு உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தாளிலும் எழுதி வையுங்கள். அதே மடிக்கணினிக்குள் மட்டும் சேமிப்பது, சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய பெட்டியைப் போன்றது.

விண்டோஸ் திறக்காதபோது கணினியைத் தொடங்க உதவும் மீட்புப் பென்டிரைவைக் கணினி நன்றாக இயங்கும்போதே தயாரிக்க வேண்டும். அதில் ஏற்கெனவே உள்ளவை முழுவதும் அழிந்துவிடும் என்பதால், வெற்று டிரைவையே பயன்படுத்துங்கள். தயாரித்தபின் அதிலிருந்து கணினியை ஒருமுறை தொடங்கிப் பார்த்து, காப்புப்பிரதியிலிருந்து சில கோப்புகளை வேறோர் இடத்தில் மீட்டுத் திறந்து பாருங்கள். பலர் தவிர்ப்பது இந்த வேலையைத்தான்.

மீட்கும் நாளில் அவசரம் கூடாது. பிம்பநகலை வட்டில் எழுதினால், அந்நகல் எடுத்த நாளுக்குப் பின் சேர்ந்த கோப்புகள் யாவும் அழிந்துவிடும். எனவே வட்டைப் படிக்க முடிகிற நிலை இருந்தால், முதலில் அவற்றை வேறொரு டிரைவுக்கு மாற்றிவிட்டு, சார்ஜரைச் செருகிய பிறகே மீட்புப் பணியைத் தொடங்குங்கள்.