புரொமோஷனோடு ஊர் மாற்றமும் வந்தால்: வேலூர்க் குடும்பம் போட வேண்டிய கணக்கு

புரொமோஷன் கடிதம் வந்த அன்றே சென்னையில் வீடு தேடத் தொடங்காதீர்கள். முதலில் அந்தக் கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள். சி.டி.சி. (உங்களுக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு) என்று போட்டிருக்கும் தொகைக்குள் நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, வந்தால் வரும் இன்சென்டிவ் எல்லாம் சேர்ந்தே இருக்கும். இன்சென்டிவை நம்பி வாடகை பேச முடியாது. மாதம் கையில் எவ்வளவு வரும் என்று ஒரு மாதிரிச் சம்பளச் சீட்டு கேட்டு வாங்குங்கள். இடமாற்றச் செலவில் எதற்கெல்லாம் பில் கொடுக்கலாம், ஓராண்டுக்குள் வேலையை விட்டால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமா, மறுத்தால் இப்போதைய பதவியில் தொடரலாமா என்ற மூன்றுக்கும் மின்னஞ்சலில் பதில் வேண்டும். "பார்த்துக்கலாம் சார்" என்று சொல்லும் மேலதிகாரியே ஆறு மாதத்தில் வேறு கிளைக்குப் போய்விடுவார். மத்திய அரசுப் பணியில் பதவி உயர்வை மறுத்தால் பொதுவாக ஓராண்டுக்கு அடுத்த வாய்ப்பு கிடையாது. வங்கிகளில் ஒவ்வொன்றுக்கும் தனி விதி.

அடுத்து ஒரு தாளில் கணக்கு. எடுத்துக்காட்டாக, மனைவிக்குத் தாம்பரத்துக்கு உயர்வு. கையில் வரும் சம்பளம் மாதம் 20,000 ரூபாய் கூடுகிறது. கணவர் சத்துவாச்சாரியில் தனியார் பள்ளி ஆசிரியர், சம்பளம் 14,000. இருப்பது சொந்த வீடு, வாடகைக்கு விட்டால் 9,000 வரும். ஆக வரவு 29,000. தாம்பரத்தில் வாடகை 18,000, மெயின்டனன்ஸ் 2,500, பள்ளிக் கட்டணத்தில் கூடுதல் 3,000, மாதம் இருமுறை ஊருக்கு வந்துபோக 2,000 என்று 25,500 போய்விடும். மிச்சம் 3,500. கணவருக்கு அங்கே வேலை கிடைக்கும்வரை அவருடைய 14,000 இல்லை என்பதால், உண்மையில் மாதம் 10,500 ரூபாய் கையைக் கடிக்கும். 16,000 சம்பளத்தில் வேலை கிடைத்த பிறகுதான் இப்போதைய நிலையைவிட 5,500 கூடுதலாக நிற்கும். லாரி, ஏற்றுகூலி, புரோக்கர், பள்ளிச் சேர்க்கை என ஒருமுறைச் செலவு 73,000 என்று வைத்தால், அதை மீட்கவே 13 மாதத்துக்கு மேல் ஆகும். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். பலர் தவறவிடுவது அந்த 14,000-ஐத்தான். துணையின் வருமானத்தை "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று கணக்குக்கு வெளியே வைத்துவிடுகிறார்கள். சொந்தக் கடை, டியூஷன், தையல் என்றால் இன்னும் கவனம் தேவை, வாடிக்கையாளர்கள் கூடவே வரமாட்டார்கள்.

வரியையும் பார்த்துவிடுங்கள். வருமான வரியின் பழைய முறையில் வீட்டு வாடகைப் படிக்கான விலக்கின் உச்சவரம்பு சென்னையில் சம்பளத்தின் 50 சதவீதம், வேலூரில் 40. புதிய முறையில் இந்த விலக்கே இல்லை. வேலூர் வீட்டு வாடகையும் வருமானமாகவே சேரும், 30 சதவீதக் கழிவு போக. அட்வான்ஸ் தனி. தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் சென்னையில் கூசாமல் அதைவிட அதிகம் கேட்பார்கள். கையெழுத்துப் போடுமுன் பேரம் பேசுங்கள்.

பணக் கணக்கு சரியாக வந்தாலும் பிள்ளையின் வகுப்பில் தடுக்கும். 10, 12 இரண்டும் பொதுத்தேர்வு வகுப்புகள். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 9-லும் 11-லும் பதிவு நடக்கும், அடுத்த ஆண்டு பள்ளி மாற வாரியத்தின் அனுமதி வேண்டும். அதனால் 8 முடிந்ததும் 10 முடிந்ததும்தான் நல்ல வாசல்கள். நடு ஆண்டில் மாற்றினால் கட்டிய கட்டணமும் போகும், புதிய பள்ளியில் முழு ஆண்டுக் கட்டணமும் கேட்கலாம்.

அரசுப் பள்ளிப் பிள்ளையாக இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 7-ஆம் வகுப்பில் சென்னைத் தனியார் பள்ளிக்கோ பெங்களூருக்கோ மாற்றினால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் பள்ளிப் படிப்பு பற்றிய நிபந்தனை உண்டு. ஆர்.டி.இ. எனும் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் இலவசமாகப் படிக்கும் பிள்ளைக்கும் சிக்கல்தான். அந்தச் சேர்க்கை தொடக்க வகுப்பில் மட்டுமே, 4-ஆம் வகுப்பில் புதிய ஊரில் போய்க் கேட்க முடியாது.

பெங்களூரு என்றால் மொழியும் சேரும். அங்கே பள்ளியில் கன்னடம் கட்டாயம், இங்கே 10-ஆம் வகுப்புவரை தமிழ் கட்டாயம். நான்காவதில் போய் ஒன்பதாவதில் திரும்பும் பிள்ளை தமிழில் திணறும். வேலை எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா பக்கம் என்றால் ஓசூரில் குடியேறுவதை முதலில் பாருங்கள். அது கிருஷ்ணகிரி மாவட்டம் என்பதால் பாடத்திட்டம், ரேஷன் கார்டு, வண்டி எண் எதையும் மாற்ற வேண்டாம். ஒயிட்ஃபீல்டு, ஹெப்பால் என்றால் ஓசூர் உதவாது.

சென்னைப் பக்கமும் நடுவழி உண்டு. ரயில்வே சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரைதான் தருவார்கள். காட்பாடியிலிருந்து சென்ட்ரல் சுமார் 130, ஆகவே கிடைக்கும். பெங்களூருக்குக் கிடைக்காது. சென்னைக்கு ரயிலில் இரண்டு மணி நேரம் என்று எல்லோரும் சொல்வார்கள். வேலூரிலிருந்து காட்பாடி வரவும், சென்ட்ரலிலிருந்து அலுவலகம் போகவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் நாளில் ஆறு, ஏழு மணி நேரம் போய்விடும். முன்பதிவுப் பெட்டியில் சீசன் செல்லாது, சூப்பர்ஃபாஸ்ட் வண்டிக்குத் தனிக் கட்டணம். மூன்று மாதம் தாங்கும், மூன்று வருடம் தாங்காது. புறநகர் மின்சார ரயில் ஓடும் அரக்கோணம் அல்லது திருவள்ளூரில் குடியிருப்பது இன்னொரு வழி. வேலை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றால் கம்பெனி பஸ் எதுவரை வருகிறது என்று முதலில் கேளுங்கள். வாலாஜா, ஆற்காடு வரை வந்தால் குடும்பத்தை அசைக்கவே தேவையில்லாமல் போகலாம்.

வீட்டுப் பெரியவர்களிடம் "நீங்களும் வந்துடுங்கப்பா" என்றால், "நீங்க நல்லா இருந்தா போதும்பா" என்றுதான் பதில் வரும். அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. இரண்டாம் மாடி வீட்டுக்கு லிஃப்ட் உண்டா, மாத்திரை சீட்டு எழுத யாரிடம் போவது, காலையில் யாரோடு நடக்கப் போவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பல வருடமாகப் பார்க்கிறவர் என்றால் செக்கப் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்றால் வெளியூரிலிருந்து வந்துபோகலாம். மாதாமாதம், டயாலிசிஸ் என்றால் அவர்களை இடம் மாற்றாதீர்கள். முடிவெடுக்குமுன் புதிய ஊரில் உறவினர் வீட்டில் பதினைந்து நாள் தங்க வைத்துப் பார்க்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் தெளிவில்லையா? உயர்வு கிடைத்தவர் மட்டும் முதலில் போகட்டும். பி.ஜி.யில் மூன்று மாதம். அதற்குள் புதிய மேலதிகாரி எப்படி, வேலை நிலைக்குமா என்று தெரிந்துவிடும். குடும்பம் ஜூன் பள்ளித் திறப்புக்குச் சேர்ந்துகொள்ளலாம்.

போவது உறுதியானால், டி.சி. வாங்கும்போதே எமிஸ் எனும் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தார்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் புதிய பள்ளியில் பெயர் ஏறாது. கேஸ் இணைப்புக்கு சிலிண்டர், ரெகுலேட்டரை ஒப்படைத்து மாற்று வவுச்சர் வாங்குங்கள். வாக்காளர் முகவரிக்குப் படிவம் 8. கர்நாடகத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் வண்டியை மறுபதிவு செய்ய வேண்டும், அதற்கு இங்குள்ள ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று தேவை. வேலூர் வீட்டை விற்காதீர்கள், மூன்று வருட வாடகைக்கு எழுதியும் கொடுக்காதீர்கள். 11 மாத ஒப்பந்தமாகப் போட்டு, வாடகை அலுவலரிடம் பதிவு செய்து, ஓர் அறையைப் பூட்டிச் சாமான்களை அதிலேயே வையுங்கள்.