படம் காட்டிப் பேசும்போது எங்கே தவறுகிறோம்?

பக்கவாதத்தில் பேச்சு போன பெரியவருக்கும், பேச்சு இன்னும் வராத ஆட்டிசக் குழந்தைக்கும் படங்களை வைத்துப் பேசலாம் என்று பேச்சுப் பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். நாமும் சோறு, தண்ணீர், கக்கூஸ், மாத்திரை என்று நாலு படம் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டுச் சுவரில் மாட்டுகிறோம். கொஞ்ச நாளில், "எங்கீங்க, அவரு அதைத் தொடறதே இல்லீங்க" என்கிறோம்.

தொடாததற்குக் காரணம் அந்த நாலு படங்களேதான். சோறும் தண்ணீரும் வேண்டுமென்றால் கையைக் காட்டியே கேட்டுவிடலாம், அதற்குப் படம் எதற்கு? கோபி பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அப்பாரு ஒரு நாளில் என்னவெல்லாம் பேசியிருப்பார்? தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டாச்சா, ஈரோட்டில் மஞ்சள் என்ன விலை, மாரியம்மன் நோம்பிக்குப் பேத்தி வருகிறாளா, மோட்டாரை யார் நிறுத்தினது. அந்தப் பேச்சுக்குத்தான் படம் வேண்டும். வாய்க்கால், மஞ்சள் மூட்டை, கோயில், வீட்டில் ஒவ்வொருவர் முகம் என்று போனிலேயே எடுத்துவிடலாம். பின்னால் துணிக்கொடியும் ஸ்கூட்டரும் தெரியாமல், சொல்ல வரும் பொருள் மட்டும் பெரிதாக விழ வேண்டும். எழுபது வயதுக்காரர் முன்னால் சிரிக்கும் கார்ட்டூன் பசுவை வைக்காதீர்கள். அவருக்கு அது அவமானம்.

மூளையின் இடது பக்கம் அடிபட்டு மொழி பாதிக்கப்படுவதை அஃபேசியா என்பார்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. சொல்லை எடுப்பதும், சிலருக்குப் பிறர் பேச்சைப் பின்தொடர்வதும் சிரமமாகும். அதற்காக விவரம் தெரியாதவராகிவிட மாட்டார். நாம் செய்வதோ பரீட்சை. பசு படத்தை நீட்டி "இது என்னங்க, சொல்லுங்க பாப்போம்" என்கிறோம். ஆயுசு முழுக்கப் பால் கறந்தவரிடம் கேட்கிற கேள்வியா இது? டொரோண்டோவில் உள்ள அஃபேசியா நிறுவனம் உருவாக்கிய உரையாடல் பயிற்சியில், "உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்" என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லக் கற்றுத்தருகிறார்கள். நம் வீடுகளில் அவரை வைத்துக்கொண்டே மருமகளிடம் "சாப்பிட்டாரா?" என்று கேட்கிறவர்களுக்கும் இது உதவும்.

அவசரமாக முடிவு கட்டுவது இன்னொரு தவறு. பால் படத்தை அவர் தொட்டதும் டம்ளரோடு ஓடி வருகிறோம். அவர் தள்ளிவிட்டால் "கோபக்காரர்" என்று பெயர். சொசைட்டியில் பால் பணம் போட்டாங்களா என்று அவர் கேட்டிருக்கலாம். மாடு கறவை வற்றியதைச் சொல்லியிருக்கலாம். படம் எதைப் பற்றிய பேச்சு என்பதைத்தான் காட்டும். மீதியை நாம்தான் ஒவ்வொன்றாகக் கேட்டு வர வேண்டும்: "குடிக்கறதுக்குங்களா? பணமுங்களா? மாடுங்களா?" ஒரு கேள்வி, பத்து விநாடி பொறுமை, அப்புறம் அடுத்தது. கடைசியில் "அப்போ பால் பணத்தைத்தான் கேக்கறீங்க, சரிங்களா?" என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சிலருக்கு ஆமாம், இல்லை என்று தலையாட்டுவதே மாறிப்போகும். அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டும் ஒருமுறை பாருங்கள். "இதெல்லாம் இல்லை, வேற" என்பதற்கும் ஒரு அட்டை கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் நாம் கொடுத்ததற்குள்ளேயே அவர் மாட்டிக்கொள்வார்.

இடது மூளை பாதிப்பில் சிலருக்கு வலப்பக்கப் பார்வையும் போகும். வரிசையாகப் பரப்பினால் வலது ஓரத்துப் படம் அவர் கண்ணில் படாது. மேலிருந்து கீழாக அடுக்குங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் லேமினேஷன் பளபளத்தாலும் இதே தொல்லைதான்.

குழந்தைகள் விஷயத்தில் முதல் பயம், "படம் குடுத்தா பேச்சே வராம போயிருமோ" என்பது. அம்மிச்சிகள் இதை அழுத்தமாகவே சொல்வார்கள். 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, நம்பத்தகுந்த தரவு இருந்த 27 பேரைப் பார்த்தது. படம், சைகை போன்ற வழிகளால் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை, பெரும்பாலானவர்களுக்குக் கூடவே செய்தது. எனவே பேச்சு வரட்டும் என்று படத்தை பீரோவில் பூட்டி வைக்காதீர்கள்.

படத்தை உத்தரவு போட மட்டும் பயன்படுத்துவதும் உண்டு: உட்கார், சாப்பிடு, சத்தம் போடாதே. அந்த அட்டையைக் கண்டாலே பிள்ளை ஓடுவதில் ஆச்சரியம் இல்லை. "வேண்டாம்", "போதும்", "இன்னும்" என்ற படங்களை முதலிலேயே கொடுங்கள். பிள்ளை "வேண்டாம்" காட்டினால் முடிந்தவரை அதை மதியுங்கள். நீங்களும் பேசிக்கொண்டே படத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். சந்தகை பரிமாறும்போது சந்தகையைத் தொடுங்கள், பஸ் ஏறும்போது பஸ்ஸைத் தொடுங்கள். பெரியவர்கள் யாரும் தொடாத அட்டையை ஒரு குழந்தை எங்கிருந்து கற்றுக்கொள்ளும்? ஒருமுறை வைத்த இடத்தையும் மாற்றாதீர்கள். கைக்கு இடம் பழகினால்தான் வேகம் வரும்.

படத்துக்குப் பெரிய செலவில்லை. ஸ்பெயினின் அரகோன் மாநில அரசு நடத்தும் அராசாக் இணையதளத்தில், வியாபாரமல்லாத பயன்பாட்டுக்கு ஆயிரக்கணக்கான படச் சின்னங்கள் இலவசம். சந்தகையும் நோம்பியும் மட்டும் நீங்களே எடுத்துச் சேர்க்க வேண்டியிருக்கும். படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் ஆவாஸ் செயலி சென்னையில் உருவானது, தமிழிலும் பேசும். செயலி வாங்கினாலும் காகித அட்டை ஒன்று பையில் இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் போனில் சார்ஜ் தீரும்.