ஆபீஸுக்கு வெளிய மீட்டிங் வைக்க மேனேஜர்களை வால்பாறைக்கு கூட்டிட்டு போறீங்களா?

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் வேணாம், அடைமழை, வெளிய உட்காரவே முடியாது, அட்டை வேற சாக்ஸுக்குள்ள ஏறிடும். ஜனவரி, பிப்ரவரி நல்லா இருக்கும். ஆழியார் தாண்டினா 40 கொண்டை ஊசி வளைவு, அதனால காலைல ரெண்டு இட்லியோட நிறுத்திக்க சொல்லுங்க, எங்க ஃபைனான்ஸ் ஹெட் ஒன்பதாவது வளைவுல வரையாடு பாக்க இறங்கல, வாந்தி எடுக்கத்தான் இறங்கினாரு.

அங்க போயும் புரொஜெக்டர் போட்டு மீட்டிங்கா? அதுக்கு ஆபீஸே போதுமே. ரெண்டு ரெண்டு பேரா எஸ்டேட் ரோட்டுல ஒரு மணி நேரம் நடக்க விடுங்க, எம்.டி.யோட ஒரு ஜூனியர் மேனேஜரை சேர்த்து விட்டா மீட்டிங்ல வராத பேச்செல்லாம் தானா வரும். ஆனா அஞ்சு மணிக்குள்ள எல்லாரும் ரூமுக்கு வந்துடணும், இருட்டினா தேயிலைக்குள்ள யானை நிக்கிறதே தெரியாது, சிறுத்தையும் இருக்கு, கேம்ப் ஃபயர் வேணும்னு அடம் பிடிப்பாங்க, விடாதீங்க.