மேல்நிலை வகுப்பில் உலகச் சமயங்களைப் படிக்கும் முறை

உலகச் சமயங்களைப் பாடமாக எடுக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே ஓர் அட்டவணை போட்டுவிடுகிறார்கள்: நிறுவியவர், புனித நூல், கடவுள், வழிபாட்டிடம், முக்கிய விழா. தேர்வுக்கு முந்தைய இரவு புரட்டிப்பார்க்க அது உதவலாம். ஆனால் பாடத்தையே அதன் வழியாகக் கற்க முனைந்தால் தொடக்கத்திலேயே தடம் மாறிவிடும். இந்து சமயத்துக்கு ஒரே நிறுவனர் என்று எவரையும் எழுத முடியாது. பௌத்தமும் சமணமும் உலகைப் படைத்த கடவுள் ஒருவரை அடிப்படையாகக் கொள்வதில்லை. ஜப்பானின் ஷின்டோ மரபில் விவிலியத்துக்கோ குர்ஆனுக்கோ இணையான இடத்தில் ஒரு நூலை வைக்க இயலாது. காலிக் கட்டத்தைப் பார்க்கும் மாணவர் அந்தச் சமயத்தில்தான் ஏதோ குறைகிறது என்று எண்ணிக்கொள்கிறார். ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை எல்லோருக்கும் மாட்டிப் பார்ப்பது போன்றதுதான் அந்த அட்டவணை.

அதற்கு மாற்றாக, பிரிட்டனைச் சேர்ந்த சமயவியல் அறிஞர் நினியன் ஸ்மார்ட் வகுத்த ஏழு பரிமாணங்களைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளலாம். சடங்கு, புனிதக் கதைகள், அனுபவம், கோட்பாடு, அறநெறி, சமூக அமைப்பு, கலை மற்றும் கட்டடம் போன்ற பருப்பொருள் வடிவங்கள் என்பவை அவை. எந்தப் பரிமாணம் எந்தச் சமயத்தில் மேலோங்கி நிற்கிறது, எது பின்னணியில் இருக்கிறது என்று கேட்கும்போது காலிக் கட்டம் என்ற சிக்கலே எழுவதில்லை.

அடுத்து, ஒரு சமயத்தை முடித்துவிட்டு இன்னொன்றுக்குத் தாவாமல், பல சமயங்களுக்கும் பொதுவான ஒரு வழக்கத்தை எடுத்துக்கொண்டு ஆழமாகப் படியுங்கள். நோன்பு இதற்கு மிகவும் ஏற்றது. முஸ்லிம்கள் ரமலான் மாதம் முழுவதும் வைகறையிலிருந்து சூரியன் மறையும்வரை உண்பதும் பருகுவதும் இல்லை. யூதர்கள் பாவமன்னிப்பு வேண்டும் யோம் கிப்பூர் நாளில் ஏறத்தாழ 25 மணி நேரம் உணவும் நீரும் தவிர்க்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தில் தோன்றிய பஹாய் சமயத்தில் 15 வயது நிறைந்தவர்கள் மார்ச் மாதத்தில் 19 நாட்கள் பகல் நோன்பு இருக்கிறார்கள். சமணர்களின் பர்யூஷணம் என்னும் நோன்புக் காலம், அவர்களின் இரு பெரும் பிரிவுகளில் சுவேதாம்பரர்களுக்கு 8 நாட்கள், திகம்பரர்களுக்கு 10 நாட்கள். அந்நாட்களில் காய்ச்சி ஆறிய நீரை மட்டும், அதுவும் பகலில் மட்டும் அருந்துவோர் உண்டு.

இத்தகவல்களைத் திரட்டியதோடு நின்றுவிடாமல் காரணத்தைத் தேடுங்கள். யோம் கிப்பூரும் பர்யூஷணமும் மன்னிப்புக் கேட்பதோடு பிணைந்தவை என்பதால், வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். யூத மரபில் அது இறைவன் முன் பிழையை ஒப்புக்கொண்டு அவனிடம் திரும்புவது. சமண மரபிலோ உயிரோடு ஒட்டியிருக்கும் வினையைத் தவத்தால் உதிர்ப்பது. ஒரே செயலுக்கு இருவேறு விளக்கங்கள் இருப்பதைக் கண்டுகொள்வதுதான் ஒப்பீட்டின் பயன். நாட்காட்டியும் இதே கேள்வியிலிருந்து விளங்கும். இஸ்லாமிய ஆண்டு முற்றிலும் நிலவைச் சார்ந்தது என்பதால் ரமலான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே வருகிறது. யூத நாட்காட்டி 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்வதால் யோம் கிப்பூர் செப்டம்பர், அக்டோபரைத் தாண்டுவதில்லை.

ஒரு சமயத்துக்குள்ளேயே இருக்கும் வேறுபாடுகளைக் கவனிப்பது இதைவிடக் கடினமானது. பாடநூல்கள் பெரும்பாலும் தவறவிடும் இடமும் இதுவே. விவிலியத்தின் பத்துக் கட்டளைகளை எடுத்துக்கொள்வோம். மூல நூல் ஒன்றுதான் என்றாலும், அவற்றை எண்ணும் முறை ஒன்றல்ல. "நானே உன் கடவுளாகிய ஆண்டவர்" என்பதையே யூதர்கள் முதலாவதாகக் கொள்கிறார்கள். கத்தோலிக்கரும் லூத்தரன் திருச்சபையினரும் வேறு தெய்வங்களையும் உருவங்களையும் பற்றிய பகுதிகளை ஒன்றாகச் சேர்த்து, பிறர் உடைமைகளை விரும்பாதே என்ற இறுதிப் பகுதியை இரண்டாகப் பிரிக்கிறார்கள். மற்றப் புராட்டஸ்டன்ட் சபையினரில் பெரும்பாலோர் உருவங்களைச் செய்து வணங்கக் கூடாது என்ற தடையைத் தனிக் கட்டளையாக எண்ணுகிறார்கள். ஆகவே "கிறித்தவத்தில் இரண்டாம் கட்டளை எது?" என்ற கேள்விக்கு, எந்தத் திருச்சபை என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

எழுதும்போது வரலாற்றுச் செய்தியையும் நம்பிக்கையையும் பிரித்துக் காட்டப் பழகுங்கள். 622இல் முகம்மது நபி மக்காவிலிருந்து மதீனாவுக்குச் சென்றார் என்பது வரலாற்றுச் செய்தி. ஜிப்ரீல் என்னும் வானவர் வழியாக அவருக்கு இறைவசனங்கள் அருளப்பட்டன என்பதை, முஸ்லிம்களின் நம்பிக்கை என்று குறிப்பிட்டு எழுத வேண்டும். இரண்டுமே விடையில் இடம்பெற வேண்டியவைதான். இந்த அளவுகோலை உங்கள் சொந்தச் சமயத்துக்கும் மாறாமல் பயன்படுத்துங்கள். சொந்த மரபின் கதைகளை வரலாறு என்றும் பிறருடையவற்றைக் கட்டுக்கதை என்றும் எழுதுவது அநீதி.

வழிபாட்டிடம் ஒன்றை நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். முன்னதாகவே அனுமதி பெறுங்கள்; சீக்கியர்களின் வழிபாட்டிடமான குருத்வாராவில் தலையை மூடிக் காலணிகளைக் கழற்ற வேண்டும் என்பது போன்ற விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அங்கே நீங்கள் செல்வது கவனிப்பதற்காக என்பதால், வழிபாட்டில் கலந்துகொள்ள வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. பணிவாக விலகி நிற்பதை யாரும் அவமதிப்பாகக் கருதமாட்டார்கள். இருக்கைகள் எந்தத் திசையை நோக்குகின்றன, நூல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, யார் பேசுகிறார்கள், குழந்தைகள் எங்கே அமர்கிறார்கள் என்பனவற்றை அன்றே எழுதிவையுங்கள். சீக்கியர்கள் தங்கள் புனித நூலான குரு கிரந்த் சாகிப்பை உயிருள்ள குருவாக மதிக்கிறார்கள் என்ற ஒற்றை வரி, அந்நூலுக்கு மேலே விதானம் இருப்பதையும் அதற்குச் சாமரம் வீசப்படுவதையும் கண்ட பின்புதான் முழுமையாக விளங்கும்.

வகுப்பில் ஒரு சமயத்தைச் சேர்ந்த மாணவர் இருக்கிறார் என்பதற்காக, அந்தச் சமயம் முழுவதற்கும் அவரை விடை சொல்லவைக்காதீர்கள். பதினாறு வயது மாணவர் ஒருவர் தம் வீட்டு வழக்கத்தை அறிந்திருப்பார். கோடிக்கணக்கானவர்களின் சார்பில் பேசும் பொறுப்பு அவருடையதல்ல. அவராக முன்வந்து பகிர்ந்தால் நன்றியுடன் கேட்டு, "ஒரு குடும்பத்தின் வழக்கம்" என்றே குறிப்பேட்டில் பதிவுசெய்யுங்கள்.

தேர்வு விடையைத் திருத்தும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் யார், எங்கே, எப்போது என்று தேடிப் பாருங்கள். "பௌத்தர்கள் மதியத்துக்குப் பின் உண்ணமாட்டார்கள்" என்று எழுதியிருந்தால் அது தவறு. "தேரவாத மரபுத் துறவிகள் நண்பகலுக்குப் பின் திட உணவு உண்பதில்லை; இல்லறத்தாரில் சிலர் நோன்பு நாட்களில் மட்டும் இதைக் கடைப்பிடிக்கிறார்கள்" என்று மாற்றினால் சில சொற்கள் கூடுதலாகலாம், மதிப்பெண்ணும் கூடும்.