கொட்டாவி வராமல் அமெரிக்க அதிபர்களைப் படிப்பது எப்படி?

வாஷிங்டனில் தொடங்கி வரிசையாகப் படித்துவிடலாம் என்று உட்கார்ந்தவன் நான். ஏழாவது ஆளைத் தாண்டவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஒருவரை அவருடைய கடிதத்திலோ குரலிலோ முதலில் சந்தித்துவிட்டால் வருஷங்கள் தானாக மனதில் ஏறிவிடும் என்று.

படி 1: வரிசையை விட்டுவிட்டு ஒரு சின்னச் சம்பவத்தைப் பிடியுங்கள்

லிங்கனின் தாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1860 அக்டோபரில், தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டிலிருந்து கிரேஸ் பெடல் என்ற 11 வயதுச் சிறுமி அவருக்குக் கடிதம் எழுதினாள். உங்கள் முகம் ஒல்லி, தாடி வைத்தால் எடுப்பாக இருக்கும். எனக்கு நான்கு அண்ணன்கள், உங்களுக்கு ஓட்டுப் போடாதவர்களையும் போட வைக்கப் பார்க்கிறேன் என்று பேரம் வேறு! இதுவரை வைத்ததில்லையே, இப்போது வைத்தால் ஜனங்கள் சிரிக்க மாட்டார்களா என்று லிங்கன் பதில் போட்டார். 1861 பிப்ரவரியில் பதவியேற்க ரயிலில் போகும் வழியில் வெஸ்ட்ஃபீல்டில் இறங்கி அவளைப் பார்த்தபோது தாடி இருந்தது.

அந்த ரயில் கிளம்பும் முன்பே தென்மாநிலங்கள் சில பிரிந்து போயிருந்தன. ஏன் பிரிந்தன? சரி, உள்நாட்டுப் போருக்குள் நுழைந்துவிட்டீர்கள்.

படி 2: மூலத்தைத் திறந்து பாருங்கள்

அமெரிக்க அரசின் நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் லிங்கனின் காகிதங்கள் ஸ்கேன் செய்யப்பட்டிருக்கின்றன. அதே உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் சண்டைக்குப் பின், எதிரிப் படையைத் தப்பவிட்ட ஜெனரல் மீடைக் கடிந்து 1863 ஜூலை 14 அன்று எழுதிய கடிதத்தைத் தேடுங்கள். உறையின் மேல் அவரே குறித்திருக்கிறார்: அனுப்பவில்லை, கையெழுத்திடவும் இல்லை. பழைய கையெழுத்து புரியவில்லை என்றால் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் என்ற தளத்துக்குப் போங்கள். வாஷிங்டன், ஆடம்ஸ், ஜெஃபர்சன், மேடிசன் கடிதங்கள் தட்டச்சு வடிவில், இலவசமாக.

படி 3: சுவையான கதையைச் சந்தேகப்படுங்கள்

வாஷிங்டன் மரப்பல் கட்டியிருந்தார் என்று ஒரு பிரபலமான கதை உண்டு. பொய். தந்தம், மனிதப் பல், ஈயம் எல்லாம் சேர்ந்த பல்செட் அவருடையது; ஒன்று அவர் வாழ்ந்த மவுண்ட் வெர்னான் வீட்டின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய 1784ஆம் ஆண்டுக் கணக்குப் புத்தகத்தில், கறுப்பர்களிடம் 9 பல் வாங்கப் பணம் கொடுத்ததாக ஒரு வரியும் இருக்கிறது. மரப்பல் கதை சொல்பவர்கள் இந்த வரி வரை போவதில்லை.

படி 4: காதால் கேளுங்கள்

எனக்குப் பிடித்த படி இதுதான். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் முதல் நிக்சன் வரை ஆறு அதிபர்கள் ரகசியமாக ஒலிப்பதிவு செய்தார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மில்லர் சென்டர் தளத்தில் அவை கிடைக்கும். முதலில் லிண்டன் ஜான்சன், 1964 ஆகஸ்ட் 9. ஹாகர் என்ற துணி நிறுவனத்துக்குப் போன் போட்டு பேன்ட் கேட்கிறார். எடை மாதம் 10, 15 பவுண்டு ஏறி இறங்குகிறது, பிரித்துவிடப் பின்பக்கம் இரண்டரை, மூன்று இன்ச் துணி உள்ளே விடுங்கள். பாக்கெட்டை ஆழமாக வையுங்கள், காசும் கத்தியும் விழுந்துவிடுகின்றன. நடுவில் ஓர் ஏப்பம்.

கேட்டு முடித்ததும் தேதியைப் பாருங்கள். வியட்நாமில் படை பலத்தைப் பயன்படுத்த அவருக்கு அதிகாரம் தந்த டான்கின் வளைகுடாத் தீர்மானம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் நிறைவேறியது ஆகஸ்ட் 7. அவர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 10. பேன்ட் ஆர்டர் இடைப்பட்ட ஞாயிற்றுக்கிழமையில். அப்புறம் அதே வாரத்தின் மற்ற அழைப்புகளைக் கேளுங்கள்.